புகை வால்வு: மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

(வண்டி ஓட்டுவோருக்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



ஒரு சிறு லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டி. ஓட்டுநரே அதன் சொந்தக்காரர். கடனில் எடுத்த வண்டி. மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. பின்னால் கறுப்புப் புகை கக்குகிறது. மீட்டர் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது.

அவர் ஒரு பட்டறைக்குப் போகிறார். "இ.ஜி.ஆர். வால்வு போயிடுச்சு. புதுசு போடணும்" என்கிறார்கள். விலையைக் கேட்டதும் அவருக்குத் தலை சுற்றுகிறது. பல ஆயிரம் ரூபாய்!

இன்னொரு பட்டறைக்குப் போகிறார். "புதுசு எதுக்கு அண்ணே? ஒரு தகடு வெட்டி வச்சு வழியை அடைச்சிடலாம். பிக்கப் நல்லா வரும்" என்கிறார்கள்.

ஒருவர் மாற்றச் சொல்கிறார். மற்றவர் அடைக்கச் சொல்கிறார். இருவருமே வால்வைச் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து எழுதும் வைத்தியரை நம்பலாமா? இதுவும் அப்படித்தான்.

இந்த வால்வு எதற்காக இருக்கிறது? அது கெட்டுவிட்டதா, நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

இந்த வால்வு என்ன செய்கிறது?

'எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன்' என்பதன் சுருக்கம்தான் இ.ஜி.ஆர். எரிந்து முடிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் சுற்ற விடுவது என்று இதற்குப் பொருள்.

இது என்ன விந்தை? வெளியே தள்ள வேண்டிய புகையை ஏன் உள்ளே விட வேண்டும்?

காரணம் இருக்கிறது. காற்றில் 100 பங்கில் 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். நைட்ரஜன் சாதாரணமாக எதனோடும் சேராது. சும்மா இருக்கும். ஆனால் எஞ்சினுக்குள் எரியும் தீயின் சூடு 1,500 டிகிரி செல்சியசையும் தாண்டும். அந்தச் சூட்டில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும்.

வண்டியிலிருந்து வரும் இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூச்சுக் குழாயை எரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பை அதிகமாக்கும். வெயில் பட்டால் மற்ற புகைகளோடு சேர்ந்து ஓசோன் என்ற வாயுவை உண்டாக்கும். வானத்தின் உச்சியில் இருக்கும் ஓசோன் நல்லது. தெருவில் இருக்கும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதி.

எனவே எஞ்சினின் உச்சச் சூட்டைக் கொஞ்சம் அடக்க வேண்டும். எப்படி அடக்குவது?

சமையல் செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அடுப்பில் தணல் கனன்று கொண்டிருக்கிறது. அதன்மேல் கொஞ்சம் சாம்பலைத் தூவுகிறீர்கள். தணல் அணையாது. சூடு மட்டும் அடங்கும். சாம்பல் ஏற்கனவே எரிந்து முடிந்த பொருள். அது மறுபடி எரியாது.

எஞ்சினில் எரிந்த புகையும் அதுபோலத்தான். அதில் ஆக்சிஜன் குறைவு. அது புதிய காற்றோடு கலந்து உள்ளே போகிறது. எரியும் வேகத்தைத் தணிக்கிறது. சூட்டைத் தன்மேல் வாங்கிக் கொள்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது.

சாம்பலை அளவாகத் தூவ வேண்டும். அள்ளிக் கொட்டினால் அடுப்பே அவிந்துவிடும். அளவு பார்த்துத் தூவும் கைதான் இ.ஜி.ஆர். வால்வு.

எப்போது திறக்கும்? எப்போது மூடும்?

இந்த வால்வு எப்போதும் திறந்திருக்காது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெரும்பாலும் மூடியே இருக்கும். முழு பாரத்தோடு மேடு ஏறும்போதும் மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சினுக்கு நல்ல காற்று நிறைய வேண்டும். வண்டி சீராக ஓடும்போது திறக்கும்.

வண்டி நின்று, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது? இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பெட்ரோல் எஞ்சினில் அப்போது மூடியிருக்கும். டீசல் எஞ்சினில் அப்போதும் திறந்திருக்கலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும்போது உதவும்.

இந்தியாவுக்கு இது எப்படி வந்தது?

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இந்த வால்வைப் பொருத்தத் தொடங்கினார்கள். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின. இவற்றுக்கு 'பாரத் ஸ்டேஜ்' என்று பெயர். சுருக்கமாக பி.எஸ். என்பார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.4 வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்தது. நடுவில் உள்ள 5-ஐத் தாண்டிவிட்டார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பி.எஸ்.4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். பி.எஸ்.6 டீசல் கார் 80 மில்லிகிராம்தான் விடலாம். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வரம்புக்குள் வண்டியை நிறுத்த உதவும் முக்கியமான உறுப்பு இ.ஜி.ஆர். வால்வு.

வால்வு எங்கே இருக்கும்?

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய் ஒன்று உண்டு. காற்று உள்ளே போகும் குழாய் ஒன்று உண்டு. இரண்டையும் இணைக்கும் சிறு குழாயில் இந்த வால்வு இருக்கும். டீசல் வண்டிகள் பலவற்றில் இதோடு ஒரு கூலரும் இருக்கும். சூடான புகை கூலருக்குள் போய்க் குளிர்ந்து வரும். கூலரைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீர், அதாவது கூலன்ட் ஓடும்.

வால்வில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, வாக்குவம் வால்வு. பழைய வண்டிகளில் அதிகம். தலையில் வட்டமான மூடி இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் போகும். மூடிக்குள் டயாபிரம் என்ற சவ்வு இருக்கும். ஹோஸ் வழியாகக் காற்றை உறிஞ்சினால் சவ்வு மேலே போகும். வால்வு திறக்கும்.

இன்னொன்று, மின்சார வால்வு. புதிய வண்டிகளில் அதிகம். இதற்கு ஒயர்களும் சாக்கெட்டும் இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் சொல்கிறபடி உள்ளே ஒரு சிறு மோட்டார் திறந்து மூடும். எவ்வளவு திறந்தது என்று சென்சார் சொல்லும்.

ஏன் கெட்டுப் போகிறது?

பெரும்பாலும் கரிதான் காரணம். டீசல் புகையில் கரி இருக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் ஆயில் ஆவி அதோடு சேர்கிறது. இரண்டும் குழைந்து தார் போல ஒட்டிக்கொள்கின்றன. வால்வு இறுகிப் போகிறது. வழியும் குறுகிவிடுகிறது.

வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை நெடுநேரம் ஓட விட்டால் கரி அதிகம் சேரும். எப்போதும் குறைந்த தூரமே ஓடினாலும் சேரும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், இன்ஜெக்டர் சரியாகத் தூவாவிட்டாலும் சேரும். கலப்பட டீசலும் ஒரு காரணம்.

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அடுப்பில் சாம்பலை அள்ளிக் கொட்டிய கதைதான். பெட்ரோல் வண்டி நிற்கும்போது குலுங்கும். அணைந்தும் போகும். டீசல் வண்டியில் கறுப்புப் புகை வரும். இழுவை குறையும். டீசல் அதிகம் குடிக்கும்.

மூடியபடியே சிக்கிக்கொண்டால்? பெட்ரோல் எஞ்சினில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வரலாம். டீசல் வண்டியில் ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு கூடுதலாக வெளியேறும். கறுப்புப் புகை இல்லை என்பதால் மட்டும் வண்டி சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

தொடுவதற்கு முன்

சோதனை தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கம் வருவது போலிருக்கும். உயிர் போய்விடும்.

வால்வைக் கழற்றுவதானால் எஞ்சின் நன்றாக ஆறட்டும். புகைக் குழாய் கொதிக்கும். தொட்டால் தோல் உரிந்துவிடும்.

லுங்கி, துண்டு, சேலைத் தலைப்பு, துப்பட்டா, சட்டையின் தொங்கும் கை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை ஒன்று: கண்ணால் பார்ப்பது

இதற்குக் காசு வேண்டாம். கருவியும் வேண்டாம்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்திருந்தாலும் கறுப்புப் புகை வரும், இழுவை குறையும். காற்றுக் குழாய்கள் எங்காவது கழன்றிருக்கின்றனவா, வெடித்திருக்கின்றனவா பாருங்கள். டர்போ உள்ள வண்டியில் இதை அவசியம் பார்க்க வேண்டும். எத்தனையோ முறை குற்றவாளி வேறு இடத்தில் இருக்க, பழி மட்டும் இ.ஜி.ஆர். வால்வின்மேல் விழுகிறது.

அடுத்து வால்வின் ஹோஸைப் பாருங்கள். வாக்குவம் வகையில் ரப்பர் ஹோஸ் சூட்டில் காய்ந்து வெடிக்கும். வளைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஹோஸை மாற்றினால் போதும். சிறு செலவோடு முடிந்துவிடும்.

மின்சார வகையில் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பிடித்திருக்கிறதா? பின் வளைந்திருக்கிறதா? எலி ஒயரைக் கடித்திருக்கிறதா?

வால்வு பொருத்திய இடத்தைச் சுற்றிக் கரிக் கோடு தெரிகிறதா? தெரிந்தால் கேஸ்கெட் வழியாகப் புகை கசிகிறது.

கூலன்ட் அளவையும் பாருங்கள். வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைந்துகொண்டு வந்தால் கூலரையும் சந்தேகப்பட வேண்டும். கூலர் உள்ளுக்குள் ஓட்டையாகி இருக்கலாம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2018-ஆம் ஆண்டு தென்கொரியா நாட்டில் பல கார்கள் ஓடும்போதே தீப்பிடித்தன. இ.ஜி.ஆர். கூலரில் கூலன்ட் கசிந்து, கரியோடு சேர்ந்து, சூட்டில் தீப்பிடித்தது தெரிந்தது. அந்த வகைக் கார்களைத் திருப்பி அழைத்துப் பழுது பார்த்தார்கள்.

சோதனை இரண்டு: வாக்குவம் வால்வு

இதற்குக் கையால் அமுக்கி உறிஞ்சும் சிறு பம்ப் வேண்டும். அதில் முள் காட்டும் மீட்டர் இருக்கும். பட்டறைகளில் வாக்குவம் பம்ப் என்பார்கள். சிலர் ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்ப்பார்கள். அது வேண்டாம். கரியும் ஆயிலும் வாய்க்குள் போகும்.

எஞ்சினை நிறுத்துங்கள். வால்வின் தலையிலுள்ள ஹோஸைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் பம்பின் ஹோஸை மாட்டுங்கள். பம்பை அமுக்கி உறிஞ்சுங்கள். முள் ஏறும். இப்போது கையை எடுத்துவிட்டுக் கவனியுங்கள். முள் அப்படியே நின்றால் சவ்வு நன்றாக இருக்கிறது. முள் இறங்கிக்கொண்டே வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. அந்த வால்வை மாற்றத்தான் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பழைய பெட்ரோல் வண்டிகளின் வால்வு, எஞ்சின் ஓடிப் புகையின் அழுத்தம் வந்தால்தான் உறிஞ்சலைப் பிடிக்கும். எனவே வண்டியின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எஞ்சினை ஓட விடுங்கள். நன்றாகச் சூடேறட்டும். மெதுவாக ஓடும்போது பம்பால் உறிஞ்சுங்கள். வால்வு திறந்து புகை உள்ளே போனால் எஞ்சினின் ஓட்டம் மாற வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தடுமாறும். அணைந்தும் போகலாம். டீசல் எஞ்சினில் சத்தம் மாறும். உறிஞ்சலை விட்டதும் பழையபடி ஓட வேண்டும்.

எந்த மாற்றமும் இல்லையா? சவ்வு நன்றாக இருந்தும் மாற்றம் இல்லை என்றால், வால்வின் தண்டு இறுகியிருக்கலாம். அல்லது வழி கரியால் அடைத்திருக்கலாம். இப்போது தேவை சுத்தம் செய்வது. புதிய வால்வு அல்ல.

சோதனை மூன்று: மின்சார வால்வு

இதற்கு ஸ்கேனர் என்ற கருவி வேண்டும். இதை வண்டியில் மாட்டினால் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணைக் காட்டும். ஓர் எழுத்தும் நான்கு எண்களும் இருக்கும். அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எளிது.

பி 0401 என்றால் சுற்றி வரும் புகை குறைவு. பி 0402 என்றால் புகை அதிகம். பி 0403 என்றால் மின்சுற்றில் கோளாறு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பி 0401 என்று வந்ததும் "வால்வு போயிடுச்சு" என்கிறார்கள். அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. புகை குறைவாக வருகிறது என்றுதான் சொல்கிறது. வழி அடைத்திருக்கலாம். கூலர் அடைத்திருக்கலாம். சென்சார் தவறாகச் சொல்லலாம். காய்ச்சல் என்றால் எல்லாம் மலேரியா ஆகிவிடுமா?

எனவே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஸ்கேனர் வழியாகவே வால்வைத் திறக்கச் சொல்லலாம். கால் பங்கு திற, அரைப் பங்கு திற, மூடு என்று கட்டளை கொடுக்கலாம். எவ்வளவு திறந்தது என்று சென்சார் சொல்வதைத் திரையில் பார்க்கலாம். சொன்ன அளவும் திறந்த அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வால்வு வேலை செய்கிறது. 'மூடு' என்று சொல்லியும் முழுதாக மூடவில்லை என்றால் கரி தடுக்கிறது. அசையவே இல்லை என்றால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். சாக்கெட் வரைக்கும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒயரில் கோளாறு இருக்க, வால்வை மாற்றி என்ன பயன்?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து வால்வில் கொடுத்துப் பார்க்காதீர்கள். நல்ல வால்வும் கருகிவிடலாம்.

சோதனை நான்கு: கழற்றிப் பார்ப்பது

மின்சார வகையானால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பிறகு வால்வைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு தண்டும், அது உட்காரும் வட்டமான இருக்கையும் தெரியும்.

மூடிய நிலையில் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை.

கரியைச் சுத்தம் செய்யுங்கள். இதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்துச் சிறிது நேரம் ஊற விடுங்கள். மென்மையான பிரஷால் தேயுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். இருக்கையில் கீறல் விழுந்தால் அப்புறம் என்றைக்கும் கசியும். மின்சாரப் பகுதியில் திரவம் படக் கூடாது. முழு வால்வையும் டீசலில் முக்கி வைக்கும் பழக்கம் மின்சார வால்வுக்கு ஆகாது.

வால்வை மட்டும் சுத்தம் செய்து மாட்டிவிட்டால் பாதி வேலைதான். எஞ்சின் பக்கம் உள்ள வழியையும் பாருங்கள். விரல் நுழையும் வழி பென்சில் நுழையும் அளவுக்குக் குறுகியிருக்கலாம். அந்தக் கரியையும் எடுங்கள். கட்டி கட்டியாக எஞ்சினுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் பம்பால் ஊதினால் கரித்தூள் பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் அறிவித்தது.

திரும்ப மாட்டும்போது புதிய கேஸ்கெட் போடுங்கள். போல்ட்டுகளைச் சமமாக முறுக்குங்கள். மின்சார வால்வானால் சிலவற்றில் ஸ்கேனர் மூலம் புதிய நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய கோளாறு எண்ணை அழியுங்கள். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டுங்கள். மறுபடி ஸ்கேனர் மாட்டிப் பாருங்கள். எண் திரும்ப வரவில்லை என்றால் வேலை முடிந்தது.

சவ்வு கிழிந்திருந்தால், மோட்டார் எரிந்திருந்தால், இருக்கை தேய்ந்திருந்தால் புதிய வால்வு வாங்கத்தான் வேண்டும். அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் சோதித்த பிறகு வாங்குங்கள்.

தகடு வைத்து அடைத்தால் என்ன?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நேர்மையாகவே பேசலாம்.

தகடு வைத்தால் கரி சேர்வது குறையும் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. புகை உள்ளே போகாவிட்டால் அந்த வழியில் கரி சேராதுதான். திறந்தபடி சிக்கிய வால்வை அடைத்தால் பிக்கப் வருவதும் உண்மைதான். ஆனால் அந்தப் பிக்கப், வால்வைச் சுத்தம் செய்தாலும் வந்திருக்கும்.

தகட்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். உச்சச் சூடு ஏறுகிறது. நச்சு வாயு கூடுகிறது. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். விளக்கு எரியும். சில வண்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"புகைச் சான்று எடுக்கும் இடத்தில் பாஸாகிவிடுகிறதே" என்று கேட்கலாம். ஆம், பாஸாகலாம். அங்கே டீசல் வண்டிக்குப் புகையின் கறுமையைத்தான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. கருவியில் தெரியாது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

பெரிய கம்பெனியே இப்படி ஒரு தந்திரம் செய்தது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் என்ற ஜெர்மன் கார் கம்பெனி அமெரிக்காவில் பிடிபட்டது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களின் கம்ப்யூட்டரில் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். சோதனைக் கூடத்தில் கார் சுத்தமாக ஓடும். ரோட்டுக்கு வந்தால் நச்சு வாயுவைக் கக்கும். வரம்பைப் போல 40 மடங்கு வரை கக்கியது. அந்தக் கம்பெனி கோடி கோடியாக அபராதம் கட்டியது. அதிகாரிகள் சிலர் சிறைக்கும் போனார்கள். பெரியவர்கள் கம்ப்யூட்டரில் செய்ததும், பட்டறையில் ஒரு தகட்டால் செய்வதும் ஒரே வேலைதான்.

சட்டமும் இதை ஏற்காது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2019-இல் சட்டத்தைத் திருத்தி இந்தத் தொகையை உயர்த்தினார்கள்.

சட்டத்தை விடுங்கள். அந்த வாயு யார் மூக்கில் போகிறது? வெயிலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் மூக்கில். சாலை ஓரத்தில் பூ விற்கும் அம்மாவின் மூக்கில். பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மூக்கில். எல்லாரையும்விட அதிகமாக, நாள் முழுவதும் ரோட்டிலேயே இருக்கும் ஓட்டுநரின் மூக்கில். எஞ்சினுக்கு மேலேயே குனிந்து நிற்கும் பட்டறைப் பையனின் மூக்கில்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது "வால்வு போயிடுச்சு" என்றால், "எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். காட்டுவார். கோளாறு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பில்லை எழுத்துக் கூட்டியாவது படித்துப் பாருங்கள். மாற்றிய பழைய வால்வைக் கேட்டு வாங்குங்கள். வண்டியில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். என்று ஏர் ஃபில்டர் மாற்றினோம், என்று ஆயில் மாற்றினோம், என்று வால்வைச் சுத்தம் செய்தோம் என்று தேதி போட்டு எழுதுங்கள். கற்ற எழுத்து கைக்காசையும் காக்கும், மூச்சையும் காக்கும்.



நினைவில் வையுங்கள்

1. முதலில் ஏர் ஃபில்டர், காற்றுக் குழாய், ஹோஸ், ஒயர் இவற்றைப் பாருங்கள்.

2. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடாதீர்கள்.

3. பி 0401 என்றால் வால்வு கெட்டது என்று பொருள் அல்ல. புகை ஓட்டம் குறைவு என்று பொருள்.

4. வால்வோடு அதன் வழியையும் சுத்தம் செய்யுங்கள். புதிய கேஸ்கெட் போடுங்கள்.

5. தகடு வைத்து அடைக்காதீர்கள்.

6. காரணமில்லாமல் எஞ்சினை நின்ற இடத்தில் ஓட விடாதீர்கள். கரி சேரும், எண்ணெயும் வீணாகும்.

கலந்து பேசுங்கள்

1. தணலின்மேல் சாம்பல் தூவுவதற்கும் இ.ஜி.ஆர். வால்வின் வேலைக்கும் என்ன ஒற்றுமை?

2. கறுப்புப் புகை வராத வண்டியும் காற்றைக் கெடுக்கலாம். எப்படி?

3. உங்கள் ஊரில் வண்டிகள் எங்கே எஞ்சினை ஓட விட்டபடி நிற்கின்றன? அங்கே யார் யார் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள்? ஒரு பட்டியல் எழுதுங்கள்.